உதிர்ந்த புட்டு

ஆவணி மூலத்தன்று மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளிவிடுவதால், கோயிலின் நடை சாத்தப்பட்டிருக்கும். இது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து திரும்புகிறவர்களைக் கோபுர வாசலில் இந்த முறையும் பார்த்தேன். பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு நான் நேராகத் தோப்புக்கே போனேன். தோப்பு என்பது இப்போது பெயரில் மட்டும்தான்.

திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் முன்பே வந்திருந்தார்கள். மாணிக்கவாசகர் இல்லாமல், சிவன் புட்டுக்கு மண் சுமந்த இந்தக் கதை நிற்காது. குதிரை வாங்கத் தந்த பொன்னைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டதற்காக அரிமர்த்தன பாண்டியன் அவரைச் சுடுமணலில் நிறுத்தப்போய்த்தான் வைகை பெருகியது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டியதாயிற்று. ஆளில்லாத வந்திக் கிழவிக்குச் சிவனே கூலியாளாக வந்து, பாண்டியனிடம் பிரம்படியும் பட்டார்.

பட்டர்கள் வேடமேற்று அதை நடித்துக் காட்டி முடித்ததும், "அப்பா, இது நெசமாவே நடந்துச்சா?" என்று மகள் கேட்டாள்.

படித்தவன் புத்தி சான்றைத்தான் முதலில் தேடியது. பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களையும் விரித்துப் பாடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மண் சுமந்து அடிபட்ட பொன்மேனியைத் திருவாசகத்தின் திருவம்மானை பாடிவிட்டது. ஆனால் கதை பழையது என்பதற்குத்தான் அது சான்று. நானும் அதைப் படித்துவிட்டு நம்பத் தொடங்கியவன் அல்லன். அப்பத்தா அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டே, உதிர்ந்த புட்டு மட்டும் கூலியாகப் போதும் என்று அந்த ஆள் ஒப்புக்கொண்டதையும், அன்றைக்கென்று வந்தி அவித்ததெல்லாம் உதிர்ந்துபோனதையும் சொல்வாள். பாண்டியனும் வெள்ளமும் அந்த வயதில் எனக்கு வெகு தொலைவு. உதிர்ந்த புட்டோ என் கையிலேயே இருந்தது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று வெறுமனே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். சாமி முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிருக்கும் பட்டது என்று சொல்லும்போது, அப்பத்தா தன் முதுகை நெளித்து "ஸ்ஸ்" என்பாள். எனக்கும் வலிக்கும்.

மகளிடம் திருவாசகத்தை எடுக்கவில்லை. உதிர்ந்த புட்டை மட்டும் சொன்னேன். வெளியே வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தவள், கட்டியாக இருந்ததை என் கையில் வைத்துவிட்டு, இலையில் சிந்திக் கிடந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றாள்.