காரைக்குடியில் படிக்கிற பிள்ளைகளோடு

காரைக்குடி ரயில் ஸ்டேஷன் வாசலில் இருந்து அழகப்பா பல்கலைக்கழகம் போக ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். ஊருக்குள்ளேயே இருக்கிற இடம். ஏன் இவ்வளவு என்றால், "லக்கேஜ் இருக்குல்லம்மா" என்கிறார். என்னிடம் இருந்தது ஒரு தோள்பை மட்டும். 200க்கு இறங்கினார், அதற்கு மேல் அசையவில்லை. வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிட்டால் இப்படிக் கேட்பது அநியாயம். அதே ரயிலில் இறங்கிய இரண்டு மாணவிகள் ஆட்டோ பக்கமே திரும்பாமல் நடந்தார்கள். நானும் அவர்கள் பின்னால் போய் டவுன் பஸ் ஏறினேன். 2021 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் காலேஜ் ரோட்டில் இறங்கினேன். பெண்கள் காரைக்குடி வந்தால் முதலில் டவுன் பஸ்ஸைத் தேடுங்கள்.

சித்தி மகள் இங்கே எம்.எஸ்சி. படிக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் வந்தேன். செட்டிநாடு என்றாலே கானாடுகாத்தான் அரண்மனையும் ஆத்தங்குடிக் கல்லும்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன், அழகுதான், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. என்னை அசத்தியது பள்ளியும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்திருக்கிற அழகப்பாபுரம்.

காலையில் அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். மாடல் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பிள்ளைகள், பாலிடெக்னிக் பையன்கள், இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள், கலைக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறவர்கள் என எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி வருகிறார்கள். சைக்கிள், ஸ்கூட்டி, பஸ் படிக்கட்டு, நடை. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் இருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வருகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் தங்கச்சியின் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள்.

"இந்த இடமெல்லாம் ஒரே ஒருத்தர் ஆரம்பிச்சது அக்கா" என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். பக்கத்துக் கோட்டையூரில் 1909ல் பிறந்த அழகப்பச் செட்டியார்தான் அந்த ஒருவர். லண்டனில் சட்டம் படித்தவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர், மில் முதலாளி. 1947ல் காரைக்குடியில் கலைக் கல்லூரி ஆரம்பித்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்ட, 1953ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊரில் அதற்கு சிக்ரி என்றுதான் பெயர். அங்கேயே பி.டெக். படிக்கலாம். 1957ல் அழகப்பர் இறந்தபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. பல்கலைக்கழகமாக அரசு அறிவித்தது 1985ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இதை எழுதும்போது இப்போதும் மனசு நிறைகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் இந்த ஊர்க்காரர்கள் தேக்குத் தூண் வைத்து வீடு கட்டினார்கள். பூட்டிக் கிடக்கிற எத்தனையோ பெரிய வீடுகளைத் தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, கல்லூரியாகக் கட்டிய பணம் மட்டும் இன்றைக்கும் காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கிறது என்பது பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, சாப்பாடு. செட்டிநாட்டுச் சாப்பாடு என்று போர்டு மாட்டிய பாரம்பரிய ஓட்டல்களில் இலைச் சாப்பாட்டு விலை என் பட்ஜெட்டுக்கு ஒத்தே வராது. தங்கச்சி கூட்டிப்போனது ஒரு வீட்டு மெஸ். திண்ணையில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் நாலு மேஜை, சுவரோரமெல்லாம் மாணவர்கள். சாப்பாடு 80 ரூபாய். சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு, அப்புறம் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. சுள்ளென்று புளிப்பு, பின்னாலேயே காரம். மோர்ச் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு நான் சாப்பிட்டதைப் பார்த்த மெஸ் நடத்துகிற ஆச்சி, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். "அவ அக்காவா? நல்லாச் சாப்பிடும்மா, அவ கொறிக்கிறா" என்றார். மாதக் கடைசியில் காசு தீர்ந்துபோன பிள்ளைகளுக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போடுகிறாராம். செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகும் கல்பாசியும் போட்ட கறிக்குழம்பு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த மாதிரி மெஸ்ஸில் ஒரு வேளை உட்கார வேண்டும்.

சாயங்காலம் வெள்ளைப் பணியாரம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. வரமிளகாய்ச் சட்னி கண்ணில் தண்ணீர் வரவைக்கும். நாலு பேர் சேர்ந்து தின்றும் 120 ரூபாய்தான்.

ஆனால் இருட்டிய பிறகு இந்த ஊரில் படிக்கிற பெண்களுக்கு ஒன்றுமே இல்லை. தங்கச்சி இருப்பது ஊருக்குள் ஒரு தனியார் விடுதி. ஏழு மணிக்கு கேட் பூட்டு. ஐந்து நிமிடம் தாமதமானால் வீட்டுக்கு போன் போகிறது. அவளோடு படிக்கிற பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கும் டீக்கடைக்குப் போகிறார்கள். லேபில் வேலை முடிய நேரமானால் பையன் இருந்து முடிக்கிறான், பெண் பாதியில் ஓடி வருகிறாள். மார்க்கில் இது தெரியாமலா போகும்? இத்தனை ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற ஊரில் விளக்கு வெளிச்சமும் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் டவுன் பஸ்ஸும் கொடுத்துவிட்டால் கேட்டைப் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

விடுதியில் விருந்தினர் தங்கக் கூடாது என்பதால் எனக்கு லாட்ஜ். ஒரு ராத்திரிக்கு 900 ரூபாய், சுத்தமான அறை, குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. பட்டமளிப்பு விழா சமயத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் இந்த விலைக்குக் கிடைக்காது என்று வரவேற்பில் இருந்தவரே சொன்னார். அப்படிப்பட்ட நாளில் வருகிறவர்கள் முன்கூட்டியே போன் பண்ணிவிடுங்கள்.

பிள்ளைகள் செலவில்லாமல் போய்வருகிற இடங்களைக் கேட்டேன். தேர்வுக்கு முன்னால் பிள்ளையார்பட்டி, கற்பக விநாயகருக்கு அருகம்புல். மனசு சரியில்லை என்றால் கண்ணதாசன் மணிமண்டபப் பக்கம் ஒரு நடை. கம்பன் விழா என்றதும் தமிழ்த்துறைப் பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சா. கணேசன் 1939ல் தொடங்கியது, பங்குனியில் நடக்கும், அஸ்த நாளன்று கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் முடியும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். போன விழாவில் கேட்ட கும்பகர்ணன் பேச்சை அப்படியே திருப்பிச் சொன்னாள், பணியாரம் ஆறியதைக் கவனிக்கவே இல்லை. பங்குனியில் நானும் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். லீவு கிடைத்தால் முதல் நாளே வந்துவிடுவேன், மெஸ் ஆச்சியிடமும் சொல்லியாகிவிட்டது.