அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் டீச்சர்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆங்கில டியூசன் நடத்துகிறேன். பாதிப் பிள்ளைகள் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் காசு இறுகினால் முதலில் நிற்பது ஆஸ்ட்ரோ கட்டண டிவி இல்லைங்க, டியூசன்தான். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதே இது எனக்கு விளங்கிவிட்டது. ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடிக்கிற வீட்டில் ஆன்லைன் வகுப்பு எப்படி நடக்கும்? பாடத்தை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன், கோழி கூவுவதோடு சேர்த்துப் பதில் வரும்.

அது போதாதென்று 2021-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை எடுத்தார்கள், அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வை. பிள்ளைகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் ஆறாம் ஆண்டு வகுப்பு அப்படியே காலி. இப்போது சோறு போடுவது ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுதான். அதன் ஆங்கிலப் பாடமான 1119-இல் வாசிப்பு, எழுத்தோடு பேச்சு, கேட்டல் எல்லாம் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள், பேச்சு என்றதும் பெற்றோருக்குப் பயம்.

போன வாரம் ஓர் அக்கா முருங்கைக்கீரைக் கட்டோடு மாடியேறி வந்தார். "ஓவர்டைம் வெட்டிட்டாங்க டீச்சர், அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்." சரி என்றேன், வேறென்ன சொல்ல? என் கடைவீட்டு உரிமையாளரிடம் வாடகைக்குக் கீரை கொடுத்தால் வாங்குவாரா தெரியவில்லை. அன்று அந்த அக்காவின் மகன் பேச்சுப் பயிற்சியில், "மை மதர் கோ டு எஸ்டேட்" என்றான்.

"கோஸ்" என்று திருத்தினேன்.