மூன்றாவது கியரின் பல்

கியர் பாக்ஸின் வடிகால் போல்ட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம்தான். அது சாதாரணத் தேய்மானம். அன்று அந்தப் பசைக்குள் நகத்துண்டு அளவில் ஓர் இரும்புச் சில்லும் இருந்தது. பெட்டியைப் பிரித்தபோது, அது மூன்றாவது கியரின் பல் என்று தெரிந்தது. அந்த டர்போ காரின் இன்ஜின் மேப்பை, அதாவது இன்ஜின் எப்படி இயங்க வேண்டும் என்று அதன் கணினிக்குச் சொல்லும் அட்டவணையை, எழுதியவன் நான். எழுதி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளில் டார்க் (முறுக்குவிசை) கோடு சீக்கிரமாகவும் உயரமாகவும் ஏறினால் நல்ல ட்யூனிங் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஓட்டுபவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். நிமிடத்துக்கு 2,500 சுழற்சியிலேயே முதுகு சீட்டோடு ஒட்டிவிடும். இன்ஜினில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) இல்லை, எக்ஸாஸ்ட் வெப்பமும் எல்லைக்குள் இருந்தது. கியர் பாக்ஸைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பிரித்துப் பார்த்த மூத்த மெக்கானிக் திட்டவில்லை. உடைந்த கியரை என் கையில் வைத்து, "இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்னு பல்லுக்குத் தெரியாது தம்பி. எவ்வளவு முறுக்குதுன்னு மட்டும்தான் தெரியும்" என்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,500 சுழற்சியில் 350 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் கிடைப்பது சுமார் 92 கிலோவாட். 5,500-இல் வெறும் 270 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலே சுமார் 155 கிலோவாட் வரும். பெட்டியை அதிகம் வதைத்து, குறைந்த சக்தியை வாங்கியிருக்கிறேன்!

முன்சக்கர இழுவைக் காரில் இன்ஜின் பெரும்பாலும் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்துக்குள் கியர்களும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே அலுமினியக் கூட்டில் அடங்க வேண்டும். அதனால் பற்கள் ஒடுக்கமாகவும் தண்டுகள் மெலிதாகவும் இருக்கும். சாய்ந்த பற்கள் சுமை ஏறும்போது இரண்டு தண்டுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். தண்டு வளையும், கூடும் கொஞ்சம் விரியும். அப்போது பல் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் சுமையைத் தாங்கும்.

சரி, ஏன் மூன்றாவது? முதல் இரண்டு கியர்களில் டயர் சுழன்றுவிடுகிறது. அந்தச் சுழற்சியே ஒரு வகையில் பெட்டியைக் காப்பாற்றுகிறது. மூன்றாவதில் டயர் பிடித்துக்கொள்ளும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) முழுதாக ஏறவும் நேரம் கிடைக்கும். மொத்த முறுக்கும் பல்லின் அடியில்தான் இறங்குகிறது.

அப்புறம் நான் மேப் எழுதும் முறையே மாறியது. கீழ்ச் சுழற்சியில் டார்க்கை ஓர் எல்லையில் நிறுத்தி, அதைத் தட்டையாக மேலே வரை கொண்டுபோகிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும், டர்போவைத் தவிர்த்துப் புகையை வெளியேற்றும் வேஸ்ட்கேட் கதவு ஒரேயடியாக மூடிக்கொள்ளாமல் பூஸ்ட்டைப் படிப்படியாக ஏற்றுகிறேன். ஒவ்வொரு கியருக்கும் தனி வரம்பு வைக்கிறேன். இது புதிய யோசனை இல்லை. சாப் கார்களின் ட்ரயோனிக் என்ற இன்ஜின் கட்டுப்பாட்டு அமைப்பு 1990-களிலேயே முதல் கியரில் பூஸ்ட்டைக் குறைத்துக் கொடுத்தது.

மேப் எவ்வளவு நிதானமாக இருந்தாலும், சக்கரம் பிடித்தும் விட்டும் துள்ள ஆரம்பித்தால் எல்லாம் வீண். ஒவ்வொரு பிடியும் தண்டுகளுக்குச் சம்மட்டி அடி. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் நைந்திருந்தால் துள்ளல் இன்னும் கூடும். அதனால் மவுண்ட்டைப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறப்பதில்லை. ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதும் கெடுதல். மற்றது நின்றிருக்க, ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் சுழலும் சக்கரம் 120-இல் ஓடுகிறது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னக் கியர்கள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அவை கோத்திருக்கும் சிறு தண்டு சூடேறி உராய்ந்துபோகும்.

அந்தக் காருக்கு வேறு பெட்டி மாட்டி, புதிய மேப்பை ஏற்றிக் கொடுத்தேன். உரிமையாளர் முதல் சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கீழே இழுவை குறைஞ்சிருக்கே?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாவதில் 5,500 வரை போகச் சொன்னேன். திரும்பி வரும் வழியில் அவர் பேசவில்லை. சாவியைக் கொடுக்காமல் இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை நானே வடித்தேன். காந்தத்தில் இருந்த பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவு போல மெத்தென்று இருந்தது.