பெருவிரல்

பெப்ரவரி 3
கட்டிலால் இறங்க இருபது நிமிடம். தும்மினால் இடது குண்டியில் தொடங்கிக் குதிக்கால் வரை கரண்ட் அடிக்கிறது. மிளகாய் வறுக்க வேண்டாம் என்று மனிசியிடம் கெஞ்சியிருக்கிறேன்.

பெப்ரவரி 4
இடது கால் பெருவிரல் எழும்புகிறது. கொஞ்சம்.

பெப்ரவரி 6
டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலைத் தூக்கினார். பாதி கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். நாரியில், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை நெரிக்கிறதாம். அடியில் உள்ள இரண்டு டிஸ்க்கில்தான் பெரும்பாலும் இப்படி வருமாம். உளைவது கெண்டைக்கால், பழுது நாரியில். மூன்று நாளாக மாமி கெண்டைக்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தந்தா. அவவிடம் இதைச் சொல்லவில்லை.

ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 கிழமைக்குள் ஆறிவிடுமாம். ஆனால் மூத்திரம் அடைத்தாலோ, தன்பாட்டில் போனாலோ, தொடைகளுக்கு நடுவே விறைத்தாலோ, பெருவிரல் எழும்பாமல் பாதம் தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டுமாம். இதை ஏன் கேட்டேன்? இரவு மூன்று தரம் எழும்பிப் போய்ப் பரிசோதித்தேன்.

பெப்ரவரி 7
விரல் எழும்புகிறது. மூத்திரமும் போகிறது.

பெப்ரவரி 10
மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் நெல் வெட்டு மெஷின் இறங்கிவிட்டது. தம்பி போனில் காட்டினான். போன கிழமை, முதலாவது வயலில் அந்த ஒரு மூட்டையை குனிந்து இழுக்காமல் விட்டிருந்தால்! ஒரே ஒரு மூட்டை.

பெப்ரவரி 12
"சும்மா கிடங்க மகன்" என்கிறா மாமி. கிடந்தால் இன்னும் இறுகும், நடக்கச் சொன்னார் டாக்டர். சரி, பின்னேரம் கல்லடிப் பழைய பாலம் வரை போனேன். 1924இல் திறந்த பாலம், என்னைவிட நிமிர்ந்து நிற்கிறது. நாலாவது விளக்குக் கம்பத்தோடு திரும்பிவிட்டேன்.

பெப்ரவரி 15
முழங்காலுக்கு இடையில் தலகணி வைத்துச் சரிந்து படுத்தேன். நாலு மணித்தியாலம் நித்திரை!

பெப்ரவரி 19
கெண்டைக்காலில் வலி இல்லை. நாரியில் கூடிவிட்டது. விடியும்வரை பயந்து கிடந்தேன். பயிற்சி தருகிற பிள்ளை சிரித்தா: வலி காலை விட்டு நடுவுக்கு ஏறினால் நல்ல அறிகுறியாம். குப்புறக் கிடந்து கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க வேண்டும், பத்துத் தரம். பல்லி மாதிரி இருக்கிறேன் என்கிறாள் மகள்.

பெப்ரவரி 20
விரல்?

பெப்ரவரி 21
எழும்புகிறது.

மார்ச் 1
விரலைப் பார்க்காமலே வெளிக்கிட்டுவிட்டேன். பாலத்தின் நடுவில்தான் ஞாபகம் வந்தது. நின்று செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பொடியன் கேட்டான்: "முள்ளுக் குத்திட்டா அண்ண?"