அசெம்பிளியை வாசிக்கப் பழகுங்கள்

மதுரையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கான லேப்பில் அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி) மட்டும்தான். ட்ரெய்னர் கிட்டில் 74, 24, 90 என்று ஹெக்ஸ் எண்களைத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டுவோம். 74 என்றால் அக்குமுலேட்டரில், அதாவது சிப் கணக்குப் போடும் உள் இடத்தில், எண்ணை வை, 24 என்றால் அதோடு கூட்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன், தேர்வோடு மறந்தும்போனேன். இறுதியாண்டு புராஜெக்ட் முழுக்க சி மொழியில். "இனி அசெம்பிளி எதற்கு அண்ணா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் அந்தப் புராஜெக்டின் கதையைத்தான் சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டு மேல்தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று அளக்கும் கருவி அது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஃப்ளோ சென்சர், ஓர் ஆர்டுயினோ ஊனோ (சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு). சென்சரிலிருந்து பல்ஸ் (மின் துடிப்பு) வரும்போதெல்லாம் இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல், ஓடி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். எப்போதாவது ஒருமுறை, 255 வரவேண்டிய இடத்தில் 511 வந்து நின்றது. வயரை மாற்றினேன், சென்சரை மாற்றினேன், மூன்று நாள் போயிற்று.

என் சி நிரலிலிருந்து கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்தபோதுதான் விளங்கியது. சி மொழியில் எண்ணிக்கையைப் படிப்பது ஒரே வரி. ஆனால் ஊனோவில் உள்ள சிப் 8 பிட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் கையாளும்; எண்ணிக்கையோ இரண்டு பைட். கீழ்ப் பைட்டை ஒரு கட்டளை எடுக்கிறது, மேல் பைட்டை அடுத்த கட்டளை எடுக்கிறது. நடுவே இன்டரப்ட் புகுந்து 255ஐ 256 ஆக்கிவிட்டால், கையில் பழைய கீழ்ப் பைட் 255, புதிய மேல் பைட் 1. சேர்த்தால் 1 × 256 + 255 = 511! எண்ணிக்கையை வொலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று அறிவித்திருந்தும் இது நடந்தது. அது இந்தச் சிக்கலைத் தடுக்காது. இன்டரப்டை நிறுத்தி, எண்ணைப் பிரதி எடுத்துக்கொண்டு, மறுபடி இயக்கினேன். கோளாறு தீர்ந்தது.

அதனால் சி மொழியிலேயே தொடங்குங்கள், தயங்க வேண்டாம். முதல் எல்இடி மின்னிய அன்றே டிஸ்அசெம்பிளியையும் (உங்கள் நிரலின் அசெம்பிளி வடிவத்தையும்) திறந்துவிடுங்கள். லூப் மாறியை இன்ட் (இரண்டு பைட்) என்றும், அன்சைன்ட் கேர் (ஒரு பைட்) என்றும் மாற்றி எழுதி, கட்டளைகள் எத்தனை குறைகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முழு நிரலையும் அசெம்பிளியில் எழுதும் வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை. வாசிக்கும் வேலை வாராவாரம் வருகிறது.

லேப் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போகிறவர்கள் டிலே கணக்கை, அதாவது ஒரு லூப் எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கணக்கை, மட்டும் கையால் போட்டுப் பழகுங்கள். சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ் என்றால், 8051இன் ஒரு மெஷின் சைக்கிள் (12 தாளத் துடிப்பு) 1 மைக்ரோ விநாடி. எண்ணை ஒன்று குறைத்து, பூஜ்ஜியம் ஆகாதவரை திரும்பச் சுற்றும் டிஜேஎன்இசட் (DJNZ) கட்டளைக்கு 2 சைக்கிள். 250 முறை சுற்றினால் 500 மைக்ரோ விநாடி. பிறகு கிரிஸ்டலை 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றிக் கேட்டாலும் உங்களால் அங்கேயே போட்டுக் காட்ட முடியும்.