அத்தித் தடி: அடி எது, நுனி எது?

தை மாதக் கடைசியில் இணுவிலில் இருந்து ஒரு கட்டு அத்தித் தடி வந்தது. பிரவுன் டர்க்கி இனம். எங்கட சொந்தத்தில் ஒருவரின் வளவில் நிற்கிற மரம்; மாரி ஓய்ந்து கொப்பு வெட்டினபோது எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். எல்லாம் பென்சில் மொத்தம், ஒரு சாண் நீளம். இரண்டு பக்கமும் நேர்வெட்டு. அதனால் எந்தப் பக்கம் மண்ணுக்குள் போகவேணும் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கடையில் வாங்குகிற உலர்ந்த அத்திப்பழத்தில் அவ்வளவு விதை இருக்க, தடிக்கு ஏன் அலைவான் என்று சிலர் கேட்டார்கள். துருக்கியில் இருந்து வருகிற உலர்பழம் பெரும்பாலும் ஸ்மிர்னா வகை. அது காய்க்க ஒரு சின்னக் குளவி மகரந்தம் கொண்டுவந்து கொடுக்கவேணும். அந்தக் குளவி இல்லாத இடத்தில் காய் பிடிக்காமல் உதிரும். விதைக் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண் மரமாகவும் போய்விடும். பிரவுன் டர்க்கிக்குக் குளவி தேவையில்லை. காய்த்த மரத்தின் தடியை வைத்தால் அதே பழம் கிடைக்கும்.

அடி, நுனிக்கு வருவோம். எங்கட ஒழுங்கையில் கதியால், அதாவது வேலிக்கு நடுகிற உயிர்த்தடி, நட்டு வேலி அடைக்கிற பெரியவரிடம் தடியைக் காட்டினேன். "மொத்தப் பக்கம் கீழ, மெல்லிசுப் பக்கம் மேல. கதியாலுக்கு வேற கணக்கே இல்லைத் தம்பி" என்றார். ஆள் உயரக் கிளுவைக் கதியாலுக்கும் பூவரசுக்கும் அது சரியாக வரும். ஒரு சாண் அத்தித் தடியில் இரண்டு முனையும் ஒரே மொத்தமாக இருக்கும், கணு இருக்கிற இடம் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். மொத்தத்தை நம்பி முடிவெடுக்க ஏலாது.

கணுவைத்தான் பார்க்கவேணும். தடியை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினால், இலை விழுந்த இடத்தில் வட்டமான ஒரு தழும்பு தெரியும். கணுவைச் சுற்றி மோதிரம் போட்டமாதிரி ஒரு மெல்லிய கோடும் ஓடும். தழும்பை ஒட்டினாற்போல் கண் இருக்கும். கண் எப்போதும் தழும்புக்கு மேலேதான் இருக்கும், கீழே வரவே வராது. இலைக்கண்ணின் கூர் நுனிப் பக்கம் பார்க்கும். பக்கத்தில் உருண்டையாக ஒன்று இருந்தால் அது காய்க்கண். அதை வைத்துத் திசை சொல்லவேண்டாம். இவ்வளவும் தெரிந்தபிறகு ஒரு தடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்து முடித்ததும் அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டினேன், மேல்பக்கத்தைக் கண்ணுக்கு மேலே சரிவாக வெட்டினேன். சரிவில் தண்ணீர் தேங்காது. தடிகள் கலந்து போனாலும் குழப்பம் வராது.

வெட்டும்போது பால் வடியும். பால் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் எரிந்து கறுத்துக் கொப்புளிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சோடாப் போத்தல்களைக் குறுக்கே வெட்டி, அடியில் துளை போட்டு, தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பினேன். தும்புத்தூளைக் கையால் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. அத்தித் தடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். வேர்விட ஏற்ற வெப்பம் 21 முதல் 27 பாகை செல்சியஸ். தை, மாசியில் யாழ்ப்பாணத்து நிழலே அதைத் தந்துவிடும். பங்குனி தாண்டினால் கஷ்டம்.

முதலில் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின, பச்சரிசிக் குருணை ஒட்டினமாதிரி. அது வேர் இல்லை. ஈரத்தில் வீங்குகிற பட்டைத்துளைகள். பிறகு இலை விரிந்தது. அதுவும் வேருக்குச் சாட்சி இல்லை. தடியில் சேமித்து வைத்த மாச்சத்தில்தான் முதல் இலைகள் வரும். இந்தக் கட்டத்தில் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் தடியை இழக்கிறார்கள். போத்தல் சுவரில் வெள்ளை வேர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்வரை நான் மேலே தெளித்ததோடு சரி.

சில தடிகளை வேண்டுமென்றே தலைகீழாக வைத்தேன். முழுத்தடியும் ஈரத் தும்புத்தூளுக்குள் இருக்கும்படி, மூடிய போத்தலில். எனக்கு இந்த முயற்சியிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேர் மேலே இருந்த முனையில் வந்தது, அதாவது மரத்தில் இருந்தபோது அடியாக இருந்த முனையில். வந்த வேர் வளைந்து கீழே இறங்கியது. கீழே இருந்த கண் துளிர்த்து, கொக்கியாகத் திரும்பி மேலே ஏறப் பார்த்தது. ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபொக்டிங் வில்லோத் தடிகளை ஈரக்காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டு இதையேதான் கண்டார். 1878இல் எழுதி வைத்தார். காரணம் ஒட்சின் என்ற வளரூக்கி. அது நுனியில் இருந்து அடிக்குப் போய் அங்கே சேருகிறது, சேருகிற இடத்தில் வேர் பிறக்கிறது. தடியைக் கவிழ்த்தாலும் உள்ளே அது போகிற வழி உடனே மாறிவிடாது. திறந்த வெளியில் தலைகீழாக நட்டால் வேர் வரவேண்டிய முனை வெயிலில் காயும். பட்டுப்போகிற தடிகளில் எத்தனை இப்படிப் போனவையோ!

சித்திரையில் நேராக வேர்விட்டவற்றைச் செம்மண், மணல், மக்கிய மாட்டெரு கலந்த பைகளுக்கு மாற்றினேன். எங்கட கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புக்கு அத்தி பயப்படாது, சுண்ணாம்பு மண் அதற்குப் பிடித்ததுதான். தடியிலேயே வந்த பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டேன்.

இப்போது ஆனி. சோளகக் காற்று பலமாக அடிப்பதால் இலை ஓரம் கருகாமல் மதில் மறைவில் வைத்திருக்கிறேன். நிலத்தில் வைப்பது ஐப்பசி மழைக்குப் பிறகு. கத்தரி, தக்காளி நின்ற பாத்தியில் வைக்கமாட்டேன். அந்த மண்ணில் வேர்முடிச்சுப் புழு இருந்தால் அத்தி வேரையும் பிடிக்கும். கிணற்றடிக்கு மேற்கே, வெயில் நாள் முழுக்க விழுகிற வெறுந்தரை ஒன்று இருக்கிறது. குழி அங்கேதான்.