குறைந்த விலையில் பிளின்ட்லாக்: முதலில் லாக்கைப் பாருங்கள்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும் பிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி) மான் வேட்டைப் பருவத்துக்காகப் பலர் மலிவான துப்பாக்கியைத் தேடுவார்கள். கட்டையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். காசு போக வேண்டிய இடம் லாக், அதாவது கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் இயங்கமைப்பு.

பழைய துப்பாக்கி என்றால் முதலில் ராம்ராடை (மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோலை) குழலுக்குள் விட்டு ஆழத்தை அளந்து, வெளியே வைத்துப் பாருங்கள். முனை பற்றுத்துளை (தீ குழலுக்குள் போகும் சிறு துளை) வரை எட்டாவிட்டால் உள்ளே மருந்து கெட்டித்துக் கிடக்கலாம்.

குழல் காலிதான் என்று உறுதியான பிறகு, மங்கலான இடத்தில் சக்கிமுக்கிக் கல்லைத் தட்டவிடுங்கள். வெள்ளைப் பொறிகள், பற்றுத்துளைக்கு வெளியே பற்றுமருந்து வைக்கும் கிண்ணத்துக்குள் விழுந்தால் நல்லது. சிவந்த, சோம்பலான பொறியும் ஃபிரிசன் (கல் மோதும் எஃகுத் தகடு) முகத்தில் ஆழமான கீறலும் தெரிந்தால் எஃகு மென்மையாக இருக்கிறது. மறுபடி கடினப்படுத்த வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பொறி நன்றாக இருந்தும் கல் சீக்கிரம் உடைகிறதா? ஃபிரிசன் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கலாம், அல்லது கல் கோணம் தவறி மோதலாம். கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்திய நிலையில் (பாதிக் காக்) விசையை அழுத்தினால் அது விழவே கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

பற்றுத்துளை சுமார் 1.6 மி.மீ. இருந்தால் போதும், கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் அமைய வேண்டும். தாழ்ந்திருந்தால் தீ திரிபோல் ஊர்ந்து போய், வெடி தாமதமாகும். கிண்ணத்தில் 3 கிரெய்ன் (சுமார் 0.2 கிராம்) நுண்ணிய கருமருந்தே தாராளம். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகளைக் கிண்ணத்தில் போடாதீர்கள், பொறிக்குச் சரியாகப் பற்றாது.

கைவேலை தெரிந்தவருக்குக் கிப்ளர் நிறுவனத்தின் கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் துப்பாக்கி) நல்ல பேரம்.